குஸ்மினியின் பெயரில் பூஜ்யம்

குஸ்மினி தனக்கு ஒரு பொட்டலம் சோறு வாங்கலாம் என்று காலையில் வீட்டை விட்டு இறங்கினால், தெருமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் அது ஒன்பது பொட்டலமாகிவிடும். ஒரு ஜன்னலிலிருந்து "தித்திப் அக்கா! எனக்கு நாலு துண்டு பொரிச்ச தெம்பே" என்று குரல் வரும். அடுத்த வாசலில், "அக்கா தித்திப், மாமியாருக்குக் கஞ்சி. மிளகாய் போட வேணாம்னு சொல்லிடுங்க." போகிறவர் தலையில் நம் வேலையையும் கட்டிவிடுவதற்கு எங்கள் ஜாவாவில் தித்திப் என்று பெயர். இதைக் கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை. மறுக்கத்தான் கூச்சப்படுவார்கள். குஸ்மினிக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது, இதுவரை ஒருவரிடமும் முடியாது என்று சொன்னதில்லை.

கடைக்குப் போகும்போது மட்டும் என்றால் பரவாயில்லை. அலுவலகத்தில் அவள் மேசை இழுப்பறையைத் திறந்தால் மூன்று வீட்டுச் சாவிகள், இரண்டு குடைகள், சண்டை தீரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பெண் கழற்றிக் கொடுத்த நிச்சயதார்த்த மோதிரம், யாருடையது என்று அவள் மட்டும் அறிந்த ஒரு பல்செட் எல்லாம் இருக்கும். எது யாருடையது, எப்போது கேட்டு வருவார்கள் என்று ஒரு தாளிலும் எழுதி வைக்க மாட்டாள். எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. இப்படி ஒரு தலை கிடைத்துவிட்டால் ஊர் சும்மா விடுமா?

வோனோலெகி வார்டு அலுவலகத்தில் அவள் பதினேழு வருஷமாகத் தற்காலிக ஊழியர். வார்டுத் தலைவரை நாங்கள் லூரா என்போம். லூரா ஹர்தோயோவும் அவருக்குக் கீழே ஆறு பேரும் நிரந்தரம். அதே காக்கிச் சீருடையைத்தான் குஸ்மினியும் போட்டுக்கொள்வாள். நெஞ்சில் குத்தும் வில்லை மட்டும் அவளுக்குக் கிடையாது. கொடியேற்ற நாளில் வரிசையாக நிற்கும்போது அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வில்லை இல்லாதது தெரியக் கூடாது என்பதற்காக. இது எனக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

முன்பெல்லாம் வார்டின் மக்கள் பதிவேட்டைக் கணினியில் திறக்க ஒரே பெயர்தான், ஒரே கடவுச்சொல்தான். அதையும் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு நாள் கல்யாணமாகாத பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பதிவேட்டின்படி விதவை என்றும், நாலு பிள்ளைக்குத் தாய் என்றும் தெரியவந்தது. இன்னொருவர் தன் மாமியாரையே கட்டிக்கொண்டிருந்தார். யார் மாற்றியது என்று நகராட்சியிலிருந்து கேட்டார்கள். ஏழு பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் புது ஏற்பாடு வந்தது. ஆளுக்கு ஒரு கணக்கு. பதிவேட்டில் ஒரு எழுத்தை மாற்றினாலும் யார், எப்போது, எதை, ஏன் என்று நாலும் தானாகவே ஒரு தடப்பட்டியலில் ஏறிவிடும். 'ஏன்' என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே நகர முடியாது. பதிவை யாரும் திருத்தலாம், தடத்தை மேயர் வந்தாலும் திருத்த முடியாது. பயிற்சி வகுப்பில், கடவுச்சொல்லை இன்னொருவருக்குக் கொடுப்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்று மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் ஏழு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

கடவுச்சொல்லில் பன்னிரண்டு எழுத்து இருக்க வேண்டும், எண் இருக்க வேண்டும், குறி இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒரே வாரத்தில் ஏழு பேரும் ஏழு தடவை கணக்கைத் திறக்க முடியாமல் வெளியே மாட்டிக்கொண்டார்கள். முதலில் வந்தவர் லூராதான்.

"குஸ்மினி, இந்தப் பாஸ்வேர்டைக் கொஞ்சம் நீங்க வெச்சுக்கோங்க. தித்திப். என் பெர்குத்துத் புறா பேரு, அது பொறந்த வருஷம், கடைசில ஒரு ஆச்சரியக்குறி."

"சரிங்க ஐயா."

"வெச்சுக்கறது வெச்சுக்கறீங்க, அப்படியே அந்த முகவரி மாத்தற வேலை நாலு கெடக்கு..."

"சரிங்க ஐயா."

அடுத்து செயலாளர் பலுப்பி. அதற்கடுத்து நலத்திட்டப் பிரிவு பக்யோ. வெள்ளிக்கிழமைக்குள் ஏழு கடவுச்சொல்லும் குஸ்மினியின் தலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றோடு ஏழு பேரின் வேலையும் போய்ச் சேர்ந்தது.

குஸ்மினி ஏனோதானோவென்று செய்கிறவள் இல்லை. லூராவின் கணக்குக்குள் நுழையும் முன் அவருடைய காலி நாற்காலியைப் பார்த்து லேசாகக் குனிந்து, "மன்னிக்கணும் ஐயா" என்பாள். பலுப்பிக்கு முன்கோபம், அதனால் அவள் பெயரில் தட்டும்போது விரல் வேகமாகப் போகும். பக்யோ பெயரில் செய்யும்போது எங்காவது ஒரு சின்னக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு வைப்பாள். பக்யோ குறையில்லாமல் ஒரு வேலை செய்தான் என்றால் யார் நம்புவார்கள்?

அவளுக்கும் ஒரு கணக்கு கொடுத்திருந்தார்கள். அவளுக்கென்று பிரிவு இல்லை, இலக்கு இல்லை, ஆகையால் அதைத் திறக்க அவசியம் வரவில்லை. மூன்று மாதத்தில் கடவுச்சொல் காலாவதியானது. ஏழு பேருடையதை மனப்பாடமாக வைத்திருந்தவளுக்குத் தன்னுடையது மறந்துபோனது.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அந்த ஜனவரியில் சுற்றறிக்கை வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள், இதுவே கடைசிப் பட்டியல். இதில் இடம் கிடைக்காதவர்கள் ஆண்டு முடிவில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என்ன வேலை பார்த்தார்கள் என்பதற்கு இனிமேல் வாய்ச்சொல் சான்றாகாது, தடப்பட்டியல் மட்டுமே சான்று. விண்ணப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரி இருபது.

சுற்றறிக்கையோடு ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தடப்பட்டியலின் சுருக்கம் ஒரு பக்கம் இணைத்திருந்தார்கள். எட்டு பேரும் லூராவின் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஆயிரத்து முன்னூத்தி ரெண்டு திருத்தம்!" பலுப்பி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நானா இவ்வளவு வேலை செஞ்சிருக்கேன்? சாயங்காலமானா இடுப்பு வலிக்குதே, ஏன்னு இப்பத்தான் தெரியுது."

"எனக்கே தெரியாம ஒழைச்சிருக்கேன் பாருங்க" என்றான் பக்யோ. "என் பொண்டாட்டி ஒரு நாளாவது நம்புனாளா?"

லூராவுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது. அவர் தன் உழைப்பைத் தானே மெச்சிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்த ஆபீஸ் நகரத்துலயே முன்னால இருக்கு. எல்லாருக்கும் என் செலவுல வறுத்த வாழைப்பழம். குஸ்மினி, போய் வாங்கிட்டு வந்துடுங்க."

குஸ்மினி கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம் இருந்தது. மற்ற எண்களைவிட அது கொஞ்சம் பெரிதாக அச்சாகியிருந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வாழைப்பழம் வாங்கப் போனாள். வழியில் இரண்டு பேர் தித்திப் என்றார்கள். அதையும் வாங்கினாள்.

வீட்டில் அவள் கணவன் கியாந்தோ ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"நேரா போய்க் கேளேன். எல்லாத்தையும் செஞ்சது நான்தான்னு எழுதிக் குடுங்கன்னு."

"எப்படிக் கேக்கறது? பாஸ்வேர்டைக் குடுத்தது தப்பு. எழுதிக் குடுத்தா அவங்க மாட்டிக்குவாங்க."

"குடுக்கலேன்னா நீ மாட்டிக்குவே."

"அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல."

"உனக்கு?"

குஸ்மினி தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பதைக் கியாந்தோ பார்த்தான். திருப்புளியை மறுபடி எடுத்துக்கொண்டான்.

ஆனாலும் அவள் கேட்டாள், எங்கள் ஊர் வழக்கப்படிதான். லூராவின் அறை வாசலில் நின்று பத்து நிமிஷம் புறாவின் உடல்நலம் விசாரித்தாள். அது சரியாகக் கூவுகிறதா, தினை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டாள். பிறகு, "ஐயா, அந்தப் பட்டியல் விஷயம்..." என்று இழுத்தாள்.

"ஆமாமா. பார்த்துக்கலாம்" என்றார் லூரா, மிகுந்த அன்போடு.

அடுத்த வாரமும் பார்த்துக்கலாம். அதற்கடுத்த வாரமும் பார்த்துக்கலாம். அந்த அலுவலகத்தில் ஒருவரும் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. இல்லை என்பதைச் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் இந்த ஒரு வார்த்தையைப் போட்டு மெழுகிவிடுவார்கள். குஸ்மினிக்கு இது நன்றாகத் தெரியும். பதினேழு வருஷமாக வார்டு ஜனங்களுக்கு அவளும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி பவிரோ தாத்தா செத்துப்போனவராக அலுவலகத்துக்கு வந்தார்.

எழுபத்தெட்டு வயது. சைக்கிளிலேயே வந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் நடுக்கூடத்தில் நின்று, "என்னைப் பாருங்கடா! நல்லாப் பாருங்க! நான் செத்துட்டேனாம்!" என்று போட்ட சத்தத்தில் உள்ளே லூராவின் அறையில் கூண்டிலிருந்த புறா கூவுவதை நிறுத்திவிட்டது. மாதாந்திர அரிசி வாங்கப் போன இடத்தில், இறந்தவர்களுக்கு அரிசி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

நடந்தது இதுதான். ஜனவரிக் கடைசியில் தாத்தா வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த ஒருவர் காலமானார். அவர் வீட்டுச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அதில் எங்கே கூடாரம் போடுவது? ஆகவே துக்கக் கூடாரத்தையும் நாற்காலிகளையும் தாத்தாவின் அகலமான வாசலில் போட்டார்கள். சாவுக் கொடியையும் அங்கேயே நட்டார்கள். எங்கள் பக்கம் இது சகஜம். அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் போன பக்யோ, கூடாரத்தைப் பார்த்தான், வண்டியைக்கூட நிறுத்தாமல் அலுவலகம் வந்தான். "அக்கா, பவிரோ தாத்தா போயிட்டாரு. ஏத்திடுங்க" என்றான். மரணத்தைப் பதிய லூராவின் கணக்குக்கு மட்டுமே அதிகாரம். குஸ்மினி காலி நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பதிந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஏன்' என்ற கட்டத்தில் நாலு வரி எழுதினாள்.

அந்த நாலு வரியைத் தாத்தா இப்போது திரையில் பார்த்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். "பணிவுடன் தெரிவித்துக்கொள்வது: பவிரோ ஐயா இன்று நம்மைப் பிரிந்தார். அரிசி வாங்க வரும்போதெல்லாம் எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டுப் போவார். ஒரு முறைகூட வரிசையை மீறியதில்லை. அவருக்கு அங்கே விசாலமான இடம் கிடைக்கட்டும்."

தாத்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் எழுதினது இது?"

ஏழு பேரும் மறுபடி விட்டத்தைப் பார்த்தார்கள்.

"நல்லா எழுதியிருக்கு" என்றார் தாத்தா, குரல் இறங்கிப்போய். "என் சொந்த மகன்கூட இவ்வளவு நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்ல. இதை அழிக்காதீங்க. நெசமாப் போறப்ப இதையே போட்டுக்கலாம். ஆனா அரிசியை நிறுத்தினவனை நான் விடமாட்டேன்." சைக்கிளில் ஏறி நேரே நகராட்சிக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்.

பத்தாம் தேதி நகராட்சி ஆய்வுப் பிரிவிலிருந்து தியூர்மா வந்தாள். சுமத்ராக்காரி, பத்தாக் இனத்தவள். எங்கள் ஜாவாக்காரர்கள் ஒரு கேள்விக்குள் நுழைவதற்கு அதை மூன்று சுற்றுச் சுற்றி வருவார்கள். பத்தாக்காரர்கள் கதவை உதைத்துத் திறப்பார்கள். தியூர்மா கைகுலுக்கும்போதே தொடங்கிவிட்டாள்.

"லூரா சார், ஜனவரி இருபத்தெட்டு, காலையில பத்து மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு இந்தத் தாத்தாவைக் கொன்னது நீங்கதான்னு தடத்துல இருக்கு. ஏன்?"

லூரா சிரித்தார். எங்களுக்குப் பயம் வந்தாலும் சிரிப்புத்தான் வரும். "அன்னைக்கு... பார்த்தீங்கன்னா... வெயில் கொஞ்சம் அதிகம்..."

"வெயில் இருக்கட்டும். பத்து பன்னெண்டுக்கு எங்க இருந்தீங்க?"

அவள் பின்னால் சுவரிலேயே பதில் தொங்கிக்கொண்டிருந்தது. துணை மேயரின் மகள் கல்யாணத்தில் லூரா பாத்திக் சட்டையில் நின்று மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம். ஜனவரி இருபத்தெட்டு, காலை என்று தேதி போட்டுச் சட்டமிட்டு அவரே மாட்டியது. தியூர்மா திரும்பிப் படத்தைப் பார்த்தாள். லூராவைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

லூரா கெட்ட மனுஷர் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாக நிற்பவர். ஆனால் ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. அந்த நிமிஷத்தில் தன்னைத் தவிர வேறு யாரையும் அவர் நினைக்கவில்லை.

"அந்த ஒண்ணை மட்டும்..." என்றார், "நம்ம குஸ்மினி ஏதோ ஒரு உதவிக்கு... என் கணக்குல தெரியாத்தனமா..."

"அந்த ஒண்ணை மட்டும்?"

"ஆமா. அது ஒண்ணுதான்."

"பாக்கி ஆறாயிரத்து இருநூத்திப் பதிமூணும்?"

"அதெல்லாம் நாங்க" என்றாள் பலுப்பி சட்டென்று. ஆறு தலைகள் ஆமாம் என்று ஆடின.

குஸ்மினி அப்போதுதான் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்திருந்தாள். ஏழு பேரும் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. ஜன்னலிலிருந்து பாத்திரத்தை நீட்டும்போது பார்க்கிற பார்வை அது.

"நீங்கதான் செஞ்சீங்களா?" என்றாள் தியூர்மா.

ஆமாம் என்றால், ஒரு தற்காலிக ஊழியர் லூராவின் கணக்குக்குள் புகுந்து உயிரோடு இருந்த மனுஷனைச் சாகடித்ததாக ஆகும். நிரந்தரப் பட்டியலில் இடம் போனது. இல்லை என்றால் பொய். குஸ்மினி தட்டை மேசையில் வைத்தாள்.

"ஆமா மேடம். அது நான் செஞ்சது. கூடாரம் போட்டிருக்குன்னு கேட்டதை வெச்சுப் பதிஞ்சுட்டேன். நேர்ல போய்ப் பார்த்திருக்கணும், பார்க்கல. தப்பு என்னோடதுதான்."

ஏழு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். பக்யோ மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குஸ்மினி தட்டை எடுக்கவில்லை. வெளியேயும் போகவில்லை.

"அது என்னோடதுன்னா மேடம்..." என்றாள், யாரையும் பார்க்காமல். "மத்ததும் என்னோடதுதான். எல்லாமே."

"அக்கா, என்ன பேசறீங்க!" என்றாள் பலுப்பி.

"குஸ்மினி, போய் வறுத்த வாழைப்பழம்..." என்று ஆரம்பித்தார் லூரா.

"அப்புறம் போறேன் ஐயா" என்றாள் குஸ்மினி. பதினேழு வருஷத்தில் அவர் கேட்ட ஒன்றை அவள் அப்புறம் என்று தள்ளிப்போட்டது அதுதான் முதல் தடவை.

தியூர்மா பைக்குள்ளிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் போட்டாள். "மூணு நாளா உங்க தடப்பட்டியலைப் படிச்சுக்கிட்டிருக்கேன். மத்த வார்டுல எல்லாம் ஏன்னு கேட்டா 'திருத்தம்'னு ஒரே வார்த்தைதான் எழுதியிருப்பாங்க. உங்களோடதைப் பஸ்ல படிச்சுச் சிரிச்சேன், பக்கத்து சீட்டுக்காரர் எந்திரிச்சுப் போயிட்டாரு. ஏழு பேரும் 'பணிவுடன்'னே ஆரம்பிக்கறீங்க. சரி, சோதிச்சுடலாம். பக்யோ சார், ஆகஸ்ட்ல ரெட்டைக் குழந்தைங்களைப் பதிஞ்சிருக்கீங்க. யார் ஜாடைன்னு எழுதியிருக்கீங்க?"

பக்யோ திருதிருவென்று விழித்தான். "எந்த ரெட்டை?"

"ரெண்டும் அப்பா ஜாடை, பாவம்" என்றாள் குஸ்மினி. வாய் தானாகவே சொல்லிவிட்டது. "நெசமாவே பாவம் மேடம். அவர் மூக்கைப் பார்த்திருந்தீங்கன்னா தெரியும்."

"பலுப்பி மேடம், நிலத்தை வித்தவருக்குத் தொழிலை விவசாயிலேர்ந்து வியாபாரின்னு மாத்தினீங்க. அவர் அழுதாரு. என்ன குடுத்தீங்க?"

பலுப்பி லூராவைப் பார்த்தாள். லூரா புறாவைப் பார்த்தார்.

"தண்ணி குடுத்தேன்" என்றாள் குஸ்மினி மெதுவாக. "இருந்த ஒரு வாழைப்பழத்தையும் குடுத்தேன். அதை எழுதல. கட்டத்துல இடம் பத்தல."

"லூரா சார், நீங்க உள்ள போய் ஒரே ஒரு முகவரியை மாத்திக் காட்டுங்க."

லூரா எழுந்து கணினியின் முன்னால் உட்கார்ந்தார். விசைப்பலகையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தார். பிறகு தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல், பழக்கதோஷத்தில் கேட்டார். "குஸ்மினி... ஆச்சரியக்குறி முன்னாலயா, பின்னாலயா?"

தியூர்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவளைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு குஸ்மினியிடம் சொன்னாள். "இந்தத் தடத்துல இருக்கற பேரை என்னால மாத்த முடியாது. யாராலயும் முடியாது. உங்க பேருக்கு நேரா பூஜ்யம்தான் இருக்கும். நீங்க செஞ்சது பெரிய தப்பு. இவங்க செஞ்சது அதைவிடப் பெரிசு. எட்டு பேருக்கும் கண்டிப்புக் கடிதம் வரும். மென்மையா எழுத எனக்குத் தெரியாது, கடுமையாத்தான் இருக்கும்."

"சரிங்க மேடம்" என்றாள் குஸ்மினி.

அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். எல்லாம் போய்விட்டது என்று அழுதாள். நடுவில் நிறுத்தி, "ஆனா சொல்லிட்டேங்க" என்றாள். மறுபடி அழுதாள். கியாந்தோவுக்கு எதற்கு ஆறுதல் சொல்வது, எதற்குப் பாராட்டுவது என்று புரியவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தான், சர்க்கரை அதிகமாகிவிட்டது.

கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது. குஸ்மினி வாசல் படியில் நின்றே பிரித்தாள். முதல் பத்தியில் சட்ட எண்கள் நிறைய இருந்தன. இரண்டாவது பத்தி இப்படி இருந்தது:

"மேற்படி ஊழியர், தமக்கு அதிகாரமில்லாத ஏழு கணக்குகளைப் பயன்படுத்தி, இரண்டு ஆண்டுகளில் வோனோலெகி வார்டு பதிவேட்டின் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு திருத்தங்களையும் தாம் ஒருவராகவே செய்துள்ளார் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. மேற்படி அலுவலகத்தின் பிற ஊழியர்கள் எவரும் இக்காலத்தில் ஒரு திருத்தமும் செய்யவில்லை. ஆய்ந்த பதிவுகளில் பிழையானது ஒன்றே ஒன்று. இச்செயல் வன்மையாகக் கண்டிக்கப்படுகிறது."

மூன்றாவது பத்தி அந்த ஒரு பிழையைப் பற்றியது. கீழே கையெழுத்து, முத்திரை, தியூர்மாவின் பெயர். பதவிக்குறைப்போ வேலைநீக்கமோ எங்கேயும் இல்லை. கண்டிப்பு மட்டுமே.

குஸ்மினி இரண்டாவது பத்தியை மூன்று முறை படித்தாள். அப்புறம் காலில் செருப்பில்லாமலேயே நகலெடுக்கும் கடைக்கு ஓடினாள். வழியில் ஒரு ஜன்னலிலிருந்து தித்திப் என்று குரல் வந்தது. அவள் காதில் அது விழவே இல்லை.

மறுநாள் கடைசி நாள். நகராட்சிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். வேலைக்கான சான்று என்ற இடத்தில் இணைத்திருந்த தாளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"அம்மா, மாத்தி வெச்சுட்டீங்க. இது கண்டிப்புக் கடிதம்."

"ஆமாங்க."

"இதை யாராவது கொண்டுவந்து குடுப்பாங்களா? ஒளிச்சு வெக்கறதாச்சே."

"ரெண்டாவது பத்தியைப் படிங்க ஐயா."

அவர் படித்தார். பக்கத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னார். இரண்டு பேரும் சுற்றறிக்கையை எடுத்து வரிவரியாகத் தேடினார்கள். சான்று, தடப்பட்டியலை ஆய்ந்து ஆய்வுப் பிரிவு முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும் என்று இருந்தது. அது திட்டாகவும் இருக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. முத்திரையைக் குத்தி உள்ளே எடுத்துக்கொண்டார்.

ஏப்ரலில் பட்டியல் வந்தபோது அவள் பெயர் முப்பத்தொன்றாவது. பக்யோ அவள் மேசையருகே வந்து நின்று, கூடாரத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது நான்தானே அக்கா, நீங்க ஏன் சொல்லல என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே அழுதான். லூராவே அவளுக்கு வில்லையைக் குத்திவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மூலக் கடிதம் இப்போது அவள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில். வருகிறவர்கள் அது என்ன விருது என்று கேட்பார்கள். கியாந்தோ எழுந்து போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டாவது பத்தியைச் சத்தமாக வாசிப்பான். ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசிப்பான். 'கண்டிக்கப்படுகிறது' வந்ததும் இருமிவிட்டு அதோடு நிறுத்தித் திரும்பிவிடப் பார்ப்பான்.

"மூணாவதையும் படிங்க" என்பாள் குஸ்மினி, சமையலறையிலிருந்தே. "அந்தத் தப்பும் நான் செஞ்சதுதான்."